கொட்டாங்கச்சியில் மூன்று கோடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் செய்ததைப் பற்றித் தெருவில் பேசிக்கொள்கிறீர்கள். அறுபது வருஷமாகக் கர்த்தருடைய பந்திக்குப் போகாதவள் அன்றைக்கு ஏன் எழுந்து போனாள், போனவள் கிண்ணத்தை வாங்காமல் பிரசங்கியாரை ஏன் அப்படிக் கேள்வி கேட்டாள் என்று. “கெழவிக்குப் புத்தி பெரண்டு போச்சு” என்றாளாம் ஒருத்தி. “அப்பன் மாதிரிதான் பொண்ணும். உள்ளுக்குள்ள இன்னும் பழைய கோயிலு” என்றாளாம் இன்னொருத்தி. அந்த இரண்டாமவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். என்னோடு கோட்டை அகழி ஓரத்தில் நண்டு பிடித்தவள். என் நைனா கிண்ணத்தின் முன்னால் நின்ற அன்றைக்கு அவளும் அங்கேதான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்தும் இதையேதான் சொல்கிறாள்.

அதனால் எழுதி வைக்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் படகுக்காரர் தெருவில் ஒன்றாகத் திரிந்தவர்களில் நாம் ஐந்து பேர்தான் மிச்சம். எனக்கு நயமாக எழுத வராது. வந்தாலும் இதை நயமாக எழுத மாட்டேன். கரையில் கொட்டாங்கச்சியைக் கண்டால் நான் குனிந்து புரட்டிப் பார்ப்பதையும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

என் நைனா சலங்குக்குத் தண்டல். இப்போதைய பிள்ளைகள் சலங்கைப் பார்த்ததில்லை. கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டைகளை அதுவரைக்கும் கொண்டுபோவது கயிற்றால் தைத்த பெரிய படகு. ஒரு ஆணி இருக்காது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அதுதான் சலங்கு. எட்டுப் பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். கப்பலுக்குப் போகும்போது அவர்கள் முதுகு கடலைப் பார்க்கும், முகம் கரையைப் பார்க்கும். வருகிற அலை அவர்களுக்குத் தெரியாது. பின்னால் நின்று நீளத் துடுப்பால் படகைத் திருப்புகிற தண்டலின் முகம்தான் தெரியும். அந்த முகம் இறுகினால் இழுப்பார்கள். தளர்ந்தால் நிறுத்துவார்கள். அவர் முகம்தான் அவர்களுக்குக் கடல். இதை மறக்காதீர்கள்.

ஒவ்வொரு நடை முடிந்து கரை ஏறியதும் கிடங்கு வாசலில் ஆளுக்கு ஒரு அகப்பை பட்டைச் சாராயம் ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் படி. குளிருக்கு என்று ஆரம்பித்தார்களாம். சித்திரை வெயிலிலும் ஊற்றினார்கள். ஆறு நடை போனால் ஆறு படி. வாரம் முழுவதும் ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து சாராயம் வரும். ஞாயிற்றுக்கிழமை அதே கோட்டையிலிருந்து குடிவெறி பாவம் என்று பிரசங்கம் வரும். இரண்டையும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

படி வாங்க ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு கொட்டாங்கச்சி கட்டியிருப்பார்கள். நைனாவுடையது அழகானது. சுறாத்தோலால் மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார். வெளிப்பக்கம் விளிம்பைச் சுற்றி ஒன்றன் வாலை ஒன்று கடிக்கிற மாதிரி பதினோரு மடவை மீன்கள் செதுக்கியிருந்தார். பன்னிரண்டாவதுக்கு இடம் போதவில்லை. “அது வலயில மாட்டிக்கிச்சு கண்ணு” என்பார்.

மழைக்காலத்தில் கப்பல் வராது, படி கிடையாது. அப்போதுதான் அவர் அதிகம் குடிப்பார். காட்டூர்ப் பக்கம் காய்ச்சுகிற இடம் தேடி நடந்தே போவார். மழை ஓயப்போகிற மார்கழியில் ஒரு நாள் காலை என்னைச் சின்னத் தோணியில் ஏற்றிக்கொண்டு ஏரி நடுவில் உள்ள மணல் திட்டில் கிளிஞ்சல் பொறுக்க இறக்கிவிட்டார். “இதோ வந்துடறேன்” என்று போனவர் வரவில்லை. கடல் பொங்கி, முகத்துவாரம் வழியாக ஏரியில் தண்ணீர் ஏறியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பூநாரைகள் எல்லாம் எழுந்து போய்விட்டன. எனக்கு எட்டு வயது. கிளிஞ்சல் கூடையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றேன், அதைக் கொட்டினால் அம்மா அடிப்பாள் என்று.

அந்த வழியாகத் தோணியில் வந்தவர் ஒல்லாந்தர் கோயில் உபதேசியார். நாகப்பட்டினப் பக்கத்துத் தமிழர். ஒல்லாந்தப் பாதிரியாருக்கு நம் பேச்சு வராது என்பதால் நமக்கு வேதம் சொல்ல வந்தவர். என்னைத் தூக்கித் தோணியில் போட்டுக்கொண்டார். வீட்டில் இறக்கிவிட்டுவிட்டு, நைனா எங்கே என்று கேட்டுப் போய், சேற்றில் கிடந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் குடிசைக்குக் கொண்டுபோனார்.

ஏழு நாள் வைத்திருந்தார். அம்மாவோடு நானும் கஞ்சி கொண்டுபோவேன். நைனாவின் உடம்பு வலையில் அகப்பட்ட மீன் மாதிரி துள்ளும். பட்டப்பகலில் சுவரெல்லாம் நண்டு ஏறுகிறது என்று கத்துவார். உபதேசியார் வாந்தியைத் தன் கையால் அள்ளிப் போட்டார். நெற்றியில் ஈரத்துணி போட்டார். ஏழாம் நாள் நைனா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். “கூடய கொட்டலியே?” என்றார். இல்லை என்றேன். அழுதார்.

உபதேசியார் நல்லவர் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அதுதான் இதில் பெரிய கொடுமை.

அன்றைக்கு அவர்கள் இருவரும் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தண்டல்காரரே, குடிப்பதே பாவம் என்று வேதத்தில் இல்லை. வெறிக்கக் குடிப்பதுதான் பாவம். அளவாய் இருக்கப் பழகும். நான் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிண்ணி குடிக்கிறேன். வயிற்றுக்கு நல்லது. அதோடு நிறுத்திவிடுகிறேன்.”

“உங்க அளவு உங்களுக்கு ஐயா. எனக்கு ரெண்டே அளவு. ஒண்ணு, ஒண்ணுமே இல்ல. இல்லாட்டி மொத்தப் பானை.”

“அப்படியானால் ஒன்றுமே வேண்டாம்.”

“ஒரு சொட்டு நாக்குல படாது. எம் பொண்ணு மேல சத்தியம்.”

நாம் பிறந்தது போர்த்துகீசுப் பறங்கிக்காரர் காலத்துப் பழைய கோயிலில். நைனா அதை விட்டு ஒல்லாந்தர் கோயிலுக்கு மாறியது இந்த மனுஷனுக்காகத்தான். வேதம் புரிந்து மாறவில்லை. வாந்தி அள்ளிய கைக்காக மாறினார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பின்னால் வந்தாள்.

கொட்டாங்கச்சியை ஏரியில் எறியச் சொல்லி உபதேசியார் சொன்னார். நைனா அதை என் கையில் கொடுத்தார். “என்னால முடியல. நீ போய் போட்டுடு.” நான் போடவில்லை. அவ்வளவு அழகான பொருளை யார் எறிவார்கள்? கூரை ஓலையில் செருகி வைத்தேன். யாரும் இல்லாதபோது எடுத்து முகர்ந்து பார்ப்பேன். தேய்த்துக் கழுவியும் அந்த வாசனை போகவில்லை. கசப்பும் புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை. எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

தை பிறந்து கப்பல் வந்தது. நைனா படகில் ஏறினார். கிடங்குக்காரன் படியை ஊற்றுவான், வேண்டாம் என்றால் விடமாட்டான். கணக்குத் தப்புமாம். நைனா இரண்டு கையையும் குவித்து வாங்கி அங்கேயே மணலில் விட்டுவிடுவார். துடுப்புக்காரர்களுக்கு வயிறு எரியும்.

“இன்னா தண்டலு, மண்ணுக்கு மட்டும் ஊத்துற? மண்ணு இன்னா உனுக்கு மாமனா மச்சானா?”

“எங்கிட்ட குடேன்யா. புண்ணியமாப் போவும்.”

“உங்கிட்ட குடுத்தா நாளைக்கி உங்கிட்டயே வந்து கேப்பேன். மண்ணுகிட்ட கேக்க முடியாது பாரு” என்பார் நைனா. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பிறகு நேராகக் கடலுக்குப் போய் இரண்டு கையையும் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். கையை மூக்கருகில் கொண்டுபோகாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். கைதிக்குக் கட்டிய மாதிரி. அந்த மூன்று மாதம்தான் எனக்கு நைனா இருந்தார். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

பங்குனியில் உயிர்த்தெழுந்த திருநாள் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அன்று முதல் பந்தி. அதற்கு இராப்போசனம் என்று பெயர், காலையில் கொடுப்பார்கள். சின்ன வயதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. பெயர் ஒன்று சொல்லும், பொருள் வேறாக இருக்கும் என்று அப்போதே யாராவது யோசித்திருக்க வேண்டும்.

முந்தின நாள் உபதேசியார் வீட்டுக்கு வந்து எப்படி நிற்பது, எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுத்தார். பழைய கோயிலில் நமக்கு அப்பம் மட்டும்தான் கிடைக்கும், கிண்ணம் குருவானவருக்கு மட்டும். இங்கே எல்லோருக்கும் கிண்ணம் உண்டு என்றார். அது நம் கோயிலின் பெருமை என்றார்.

“கிண்ணத்துல இன்னா கீதுங்க ஐயா?” என்று கேட்டார் நைனா.

“திராட்சரசம்.”

“ரசம்னா?”

“திராட்சை என்று ஒரு பழம். அதைப் பிழிந்து எடுப்பது.”

“பழத்துச் சாறா? மொளகு போடுவாங்களா?” என்றாள் அம்மா. உபதேசியார் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நம் ஊரில் யாரும் அந்தப் பழத்தைப் பார்த்ததில்லை. மாம்பழச் சாறு மாதிரி என்று நினைத்துக்கொண்டோம். நைனாவின் முகம் தெளிந்தது. வேதத்தில் எழுதியிருக்கிற சொல் அதுதான். உபதேசியார் பொய் சொல்லவில்லை. இருக்கிற சொல்லைச் சொன்னார். பிழிந்தது வரைக்கும் சொன்னார். பிழிந்த பிறகு புளிக்க வைப்பதைச் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

மறுநாள் கோட்டைக்குள் கோயில் நிரம்பியிருந்தது. முன்னால் ஒல்லாந்தர் நாற்காலிகளில். பின்னால் நாம் பாயில், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கிழட்டுப் பாதிரியார் தன் ஆட்களுக்குக் கொடுத்து முடித்து உட்கார்ந்துவிட்டார். தட்டையும் வெள்ளிக் கிண்ணத்தையும் உபதேசியார் எடுத்துக்கொண்டு நம் பக்கம் வந்தார். ஒன்பது ஆண்கள் வரிசையாக நின்றார்கள். நைனா நான்காவது.

அப்பத்தை வாங்கித் தின்றார். கிண்ணம் வந்தது. அவர் மூக்கு விரிந்தது. நான் அதைப் பார்த்தேன். வாயை இறுக மூடிக்கொண்டார்.

“குடியும்” என்றார் உபதேசியார், மெதுவாக.

“ஐயா, சாராய வாடை வருது.”

“சாராயம் இல்லை. திராட்சரசம். நேற்றுச் சொன்னேனே.”

“மூக்கு பொய் சொல்லாது ஐயா. வேணாம்.”

“அப்பம் வேண்டும், கிண்ணம் வேண்டாமா? இன்னும் பழைய கோயில் வழக்கம் போகவில்லையா உமக்கு?”

“அது இல்லீங்க ஐயா. உங்களுக்கே தெரியும். என்னால முடியாது.”

“இது கர்த்தருடைய பந்தி. இங்கே பிசாசுக்கு இடம் இல்லை. பயப்படாமல் குடியும்.”

அவர் அதை நம்பினார். கள்ளுக்கடையில் குடித்தால்தான் வெறி, கோயிலில் குடித்தால் அருள் என்று மனதார நம்பினார். பிறகு அம்மா ஒரு நாள் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: “நாக்குக்கு எது கோயிலு, எது கடைனு தெரியுமா ஐயா?” அன்று கோயிலில் அவள் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. “பாத்தியா, அப்பம் மட்டும் துன்னுச்சு. பழைய கோயிலு.” “வேவு பாக்க வந்துகீறான்.” ஒல்லாந்தர் நாற்காலிகளில் தலைகள் திரும்பின. பக்கத்துப் பாயில் இருந்தவள் என்னை இடித்து, “உங்க நைனா இன்னா, வேஷக்காரனா?” என்று கேட்டாள். அவள்தான். இப்போதும் அதையே சொல்கிறவள்.

எனக்கு வெட்கம். வேறு ஒன்றும் இல்லை, வெட்கம். மூன்று மாதமாகத்தான் தெருவில் என்னைக் குடிகாரன் பொண்ணு என்று கூப்பிடாமல் இருந்தார்கள். இனி வேறு பெயர் வைப்பார்கள். எழுந்து ஓடினேன். நைனாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“குடி நைனா. எல்லாரும் பாக்கறாங்க.”

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். துடுப்புக்காரர்கள் தண்டலைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். அலை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் முகத்தில்தான் தேடினார்.

“குடி” என்றேன் மறுபடியும்.

வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். உபதேசியாரின் முகம் மலர்ந்தது. ஒரு வாய் ஆனதும் கிண்ணத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். கிண்ணம் வரவில்லை. மெதுவாக இழுத்தார். வரவில்லை. நைனாவின் தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தோம். கிண்ணத்தை விட்டபோது அதில் ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற ஐந்து பேருக்குப் புதிதாக ஊற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. யாரோ சிரித்தார்கள்.

நைனா நேராக வெளியே போனார். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்ட வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இருக்கின்றனவே, நாம் பயந்து சுற்றிப் போவோமே, அதில் ஒன்றின் காலடியில் உட்கார்ந்திருந்தார். நான் போனேன். என்னைத் திட்டவில்லை.

“அந்தக் கொட்டாங்கச்சிய நீ போடல இல்ல?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கூரையில் இருப்பதைத் தெரிந்துகொண்டே மூன்று மாதம் அதன் கீழ் படுத்திருக்கிறார்.

“எடுத்தா” என்றார். எடுத்து வந்து கொடுத்தேன்.

மறுநாள் உபதேசியார் வந்தார். தப்பு நடந்தது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எது தப்பு என்று தெரியவில்லை. “விழுந்ததை விட்டுத் தள்ளும். இனி அளவாகப் பழகும். நான் கூட இருக்கிறேன்” என்றார். நைனா தலையாட்டினார். அன்றே ஆணியால் கொட்டாங்கச்சியின் உள்ளே, அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் ஒரு கோடு கீறினார். என்னிடம் காட்டினார். “இது உபதேசியாரு அளவு. இதுக்கு மேல வந்தா மண்ணுக்கு.”

பதினைந்து நாள் அந்தக் கோட்டில் நின்றார். அவர் முயலவில்லை என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். கிடங்கு வாசலில் உட்கார்ந்து, கண்ணை ஓட்டுக்குள் வைத்து, கோட்டுக்கு மேல் இருப்பதைச் சொட்டுச் சொட்டாக மணலில் விடுவார். துடுப்புக்காரர்கள் கூடக் கிண்டல் செய்யவில்லை. சித்திரை நடுவில் இரண்டாவது கோடு கீறினார். “மொதக் கோடு தப்பாப் போட்டுட்டேன் கண்ணு, கொஞ்சம் கீழ போட்டுட்டேன்.” வைகாசியில் மூன்றாவது. அது விளிம்புக்கு ஒட்டி இருந்தது. அதற்கு மேல் கீற ஓட்டில் இடம் இல்லை. அதை அவர் எனக்குக் காட்டவில்லை. அவர் தூங்கும்போது நானே பார்த்தேன். விரலை உள்ளே விட்டுத் தடவினேன். மூன்று கோடு.

ஆனியில் ஒரு முற்பகல், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, படகு ஐந்தாவது நடைக்குக் கப்பலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையலையில் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. எட்டுப் பேரும் நீந்திக் கரை ஏறினார்கள். நைனா ஏறவில்லை. முன்துடுப்புப் போட்டவர் ஈரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

“முகத்தப் பாத்துனேதான் போட்டோம்மா. சிரிச்சினே கீறாரு. அலை இல்லனு நெனச்சிட்டோம். தூக்கி அடிக்கறப்பவும் சிரிச்சினே கீறாரு.”

மறுநாள் உடல் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. இடுப்பில் கயிறு இருந்தது. கொட்டாங்கச்சி இல்லை.

ஒல்லாந்தர் கோயிலில் குடிகாரனுக்கு மண் இல்லை என்றார்கள். பழைய கோயிலில் விட்டுப் போனவனுக்கு மண் இல்லை என்றார்கள். இரண்டு கோயிலும் ஒத்த மனதாகப் பேசியது அந்த ஒரு நாள்தான். துடுப்புக்காரர்கள் கடலோரத்தில் தாழை மறைவில் குழி வெட்டினார்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது உபதேசியார் தனியாக வந்தார். கையில் வேதப் புத்தகம் இல்லை. குழிக்குள் இறங்கிக் கையால் மணலை அள்ளிப் போட்டார். வாந்தி அள்ளிய அதே கை. நான் ஒரு பிடி மணலை எடுத்து அவர் முகத்தில் வீசினேன். துடைக்கவில்லை. கண்ணை மூடாமல் அள்ளிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் கடல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே நின்றால் தண்ணீர்தான்.

அந்த மனுஷனை நான் வருஷக்கணக்காக வெறுத்தேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இந்தத் தாளில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் அவர் போட்டுக் கொடுத்தது. இருந்தும் வெறுத்தேன். பிறகு, வயதான பிறகு, ஒன்று தெரிந்தது. நிறுத்தத் தெரிந்தவனுக்கு நிறுத்த முடியாதவனின் பயம் தெரியாது. தினம் ஒரு கிண்ணியோடு எழுந்து போகிறவன், எல்லோருக்கும் அப்படி எழுந்துகொள்ளக் கால் இருக்கிறது என்று நினைக்கிறான். அவர் செய்த தப்பு அதுதான். அதற்குப் பிறகு அவர் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் ரசம் வெளியில் தளும்பும். வயசாகிவிட்டது என்றீர்கள். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

என் தப்பு வேறு. அவராவது நம்பிச் சொன்னார். நான் வெட்கத்தில் சொன்னேன். அறுபது வருஷமாகத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலும் அந்த முகம் குனிந்து என்னைப் பார்க்கிறது. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும்போதுகூட “குடி” என்று நான் சொன்னதில்லை. “வாயத் தொற” என்பேன். கரையில் கொட்டாங்கச்சி கிடந்தால் புரட்டி உள்ளே பார்க்கிறேன். கோடு இருக்கிறதா என்று. இப்போது சிரியுங்கள்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை. இந்தப் புதுப் பிரசங்கியார் என் பேரன் வயது. நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர். முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார். “ஏன் ஆயா பந்திக்கு வர்றதில்ல? யார் மேலயாவது கோவமா?” என்று கேட்டார். கோபமா என்று இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. அதற்காகப் போனேன்.

வரிசையில் நின்றேன். அப்பம் தின்றேன். கிண்ணம் பக்கத்தில் வந்தது. நீங்கள் அறியாதது ஒன்று சொல்கிறேன். வாசனைதான் முதலில் வந்தது. கூரை ஓலையில் செருகி வைத்திருந்த அதே வாசனை. என் வாயில் எச்சில் ஊறியது. இந்த வயதுவரை ஒரு சொட்டுத் தொடாத வாய். ஊறி, தொண்டைக்குள் இறங்கியது. அவருடைய நாக்கைத்தான் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். இவ்வளவு காலம் அது தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அன்றைக்கு எதன் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பழக்கத்தில் எட்டிக் கிண்ணத்துக்குள் பார்த்தேன். வெள்ளி வழுவழு என்று இருந்தது. கோடு எதுவும் இல்லை.

“இது இன்னா?” என்று கேட்டேன்.

“திராட்சரசம் ஆயா.”

“அது பேரு. உள்ள கீறது இன்னானு கேட்டேன். போத கீதா, இல்லியா?”

பிரசங்கியார் திகைத்தார். நீங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தீர்கள். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கீது ஆயா” என்றார்.

கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்து அடுத்தவரிடம் போனார்.

முடிந்தது. கூரை இடிந்து விழவில்லை. அடுத்தவர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொல், ஓர் அடி. என் நைனாவுக்கும் அன்று அதுதான் வேண்டியிருந்தது.

நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் என்ன தெரிந்ததோ எனக்குத் தெரியாது. நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் போய் முடிகிற வரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.